சுருட்டுக்கு எது ஊர்? ஒரு சொல்லின் பூர்வீகம் தேடும் முறை

போன மாரியில், மின்சாரம் வந்தும் போயுமாக இருந்த ஓர் இரவு, ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன் போன் எடுத்தான். எனக்குப் பெறாமகன். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் பைத்தியம் பிடித்தவன்.

“சித்தி, ரெண்டு பக்கமும் வெட்டின சின்னச் சிகார், ஏழு எழுத்து. ‘ஷெரூட்’ எண்டு போட்டன், சரியா வந்திட்டுது. ஆனா அகராதியைத் திறந்து பார்த்தா அது தமிழ்ச் சொல்லாம். உண்மையோ? இல்லாட்டி எங்கட ஆக்கள் வழக்கமா விடுற புளுகோ?”

புளுகு என்றது சுள்ளென்று பட்டது. அப்படி ஒரு புளுகை ஒருமுறை நானே விட்டிருக்கிறேன்; அதைப் பிறகு சொல்கிறேன். “உண்மைதான் தம்பி, எங்கட சுருட்டுத்தான் அது” என்றேன். “எப்பிடித் தெரியும்?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு ஒரு வசனத்தில் பதில் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் மொழியியல் படித்தவள் அல்ல. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சின்ன வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் பத்திரிகைகளை மேசையில் விரித்து வைக்க வேண்டும், பின்னேரம் பிள்ளைகள் கலைத்துவிட்டுப் போன புத்தகங்களை அடுக்க வேண்டும், நடுவில் அகராதி கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அர்த்தம் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் “இது எங்கையிருந்து வந்த சொல்லு?” என்றும் கேட்பார். அவர்களுக்காகத் தேடித் தேடி எனக்கென்று ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. சுருட்டை வைத்து அதைச் சொல்கிறேன். நீங்கள் வேறு எந்தச் சொல்லுக்கும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பொருளைப் பாருங்கள்

அகராதியை உடனே திறக்காதீர்கள். அந்தப் பொருள் எப்படி இருக்கும், அதை யார் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த ஒருவரிடம் போய் உட்காருங்கள். சொல் பெரும்பாலும் கையிலிருந்துதான் பிறக்கிறது.

எனக்கு அந்த ஆள் அப்பப்பா. வலிகாமத்தில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்துவிட்டு, பிறகு விசுவமடுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். மிளகாய்த் தோட்டம் செய்தாலும் பழைய பலகையையும் கத்தியையும் விடவில்லை. பின்வளவில் பத்துப் பன்னிரண்டு புகையிலைக் கன்று எப்போதும் நிற்கும், தன் தேவைக்கு மட்டும்.

காய்ந்த இலையை எடுத்தவுடன் சுருட்டத் தொடங்கமாட்டார். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து இலைமேல் புகார் மாதிரி ஊதுவார். ஈரச் சாக்கால் மூடிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிப்பார். காய்ந்த இலை ஓரத்திலிருந்து தானாகச் சுருண்டு கிடக்கும், தொட்டால் நொறுங்கும். ஈரம் ஏறிய பிறகு பழஞ்சேலைத் துண்டு மாதிரி விரிந்து கொடுக்கும். அப்போது நுனியில் நகத்தால் கிள்ளி, நடுக்காம்பை அடிவரை ஒரே இழுவையில் உரித்தெடுப்பார். இலை இரண்டு பாதியாகும். இடப்பாதிகள் ஒரு குவியல், வலப்பாதிகள் ஒரு குவியல். நான் விளையாட்டாகக் கலந்துவிட்டால் அடி விழும். இடப்பாதியைச் சுற்றும் பக்கம் வேறு, வலப்பாதியைச் சுற்றும் பக்கம் வேறு. மாறினால் நரம்பு குறுக்கே நின்று மேலிலை புடைக்கும் என்பார். துண்டு இலைகளை நெடுக்காகச் சேர்த்து உள்ளே வைத்து, மேலிலையைப் பலகையில் சரிவாக விரித்து, உள்ளங்கையால் ஒரு தள்ளு. முனையில் ஒரு விரல் பசை. கடைசியில் கத்தியால் இந்தப் பக்கம் ஒரு நறுக்கு, அந்தப் பக்கம் ஒரு நறுக்கு.

அவர் சொன்ன ஒரு வசனத்தை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. “பிள்ளை, இலை தானாச் சுருண்டா அது குப்பை. நாங்கள் சுருட்டினாத்தான் சுருட்டு.”

இந்த ஒரு காட்சியிலேயே குறுக்கெழுத்துக்காரனுக்கு வேண்டிய அர்த்தம் முழுவதும் இருக்கிறது. ஐரோப்பியச் சிகாருக்கு வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும். குடிக்கிறவர் அதை நறுக்கித் திறக்க வேண்டும். ஷெரூட் என்று ஆங்கிலத்தில் சொல்வது இரண்டு முனையும் ஏற்கெனவே நறுக்கித் திறந்திருக்கும் சுருட்டை. அப்பப்பாவின் அந்தக் கடைசி இரண்டு நறுக்குத்தான் அகராதி சொல்லும் வேறுபாடு. அளவு சின்னது என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட குணம். ஸ்பானியர் சின்னதுக்குத் தனியாகச் சிகரில்லோ என்கிறார்கள். சிகார் என்பதன் பின்னால் ‘குட்டி’ என்ற பொருளில் ஒரு வால். பிரெஞ்சுக்காரர் ஒட்டிய வால்தான் சிகரெட். எங்களுக்கு அப்படி வால் எதுவும் இல்லை. சின்னச் சுருட்டு என்றால் சின்னச் சுருட்டு, அவ்வளவுதான்.

அப்பப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். நான் எழுதுவது சொல்லைப் பற்றி மட்டும்.

பிறகு சொல்லின் குடும்பத்தைக் கூப்பிடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. இதற்குக் காசும் வேண்டாம், கணினியும் வேண்டாம். ஒரு தாளில் சொல்லை எழுதி, உங்கள் வாயில் தினமும் புழங்கும் சொற்களில் அதற்கு உறவு போலத் தெரிகிற எல்லாவற்றையும் சுற்றிவர எழுதுங்கள்.

நான் எழுதியவை: பாயைச் சுருட்டு. வாலைச் சுருட்டு. ‘இருந்ததையெல்லாம் சுருட்டிக்கொண்டு போயிட்டான்’ என்று களவுக்குச் சொல்வது. சுருட்டைமுடி. கடித்தால் வவுனியாவுக்கு ஓட வேண்டிய சுருட்டை விரியன். நெல்லில் விழும் இலைச்சுருட்டிப் புழு. வெற்றிலைச் சுருள். கம்பிச்சுருள். சுருங்கு, சுருக்கு. புலவர்கள் பெண்களின் கூந்தலுக்குச் சொல்லும் சுரிகுழல். பத்து நிமிடத்தில் தாள் நிறைந்துவிட்டது.

தாள் நிறைந்தால் நல்ல அறிகுறி. ஒரு சொல்லுக்கு எந்த மொழியில் இத்தனை சொந்தக்காரர் இருக்கிறார்களோ அதுதான் அதன் ஊர் என்று முக்கால்வாசி நம்பலாம். வந்தேறிய சொல் தனியாகத்தான் நிற்கும். ‘அலுமாரி’யைப் போட்டு இதே மாதிரித் தாள் நிரப்பிப் பாருங்கள். தமிழில் அதற்குத் தாயுமில்லை, சகோதரமுமில்லை; போர்த்துக்கேயரோடு வந்து எங்கள் வீட்டில் நின்றுவிட்ட சொல்.

அடுத்து, குடும்பத்துக்குள் யார் தாய், யார் பிள்ளை என்று பாருங்கள். அப்பப்பாவின் வசனம் எனக்கு இங்கேதான் திரும்பி வந்தது. இலை தானாகச் சுருள்வது ஒன்று; நாம் சுருட்டுவது இன்னொன்று. சுருள் தன்வினை, சுருட்டு பிறவினை. இது தற்செயலா, விதியா என்று அறிய இதே அச்சில் வார்த்த வேறு சொற்களைத் தேட வேண்டும். உருள், உருட்டு. புரள், புரட்டு. திரள், திரட்டு. மருள், மருட்டு. வெருள், வெருட்டு. எங்கள் ஊரில் “சும்மா வெருட்டாதை” என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்கிறோமே, அதே வெருட்டு. ளகரத்தில் முடியும் வினை, பிறர் செய்விக்கும்போது ட்டு ஆகிவிடுகிறது. ஆறு சோடி கிடைத்துவிட்டால் அது விதிதான்.

இந்த வினைகளில் சில அப்படியே பெயராகவும் நிற்கும். திரட்டியது திரட்டு. புரட்டிப் பேசுவது புரட்டு. அந்த மாதிரிச் சுருட்டியது சுருட்டு. தொழிலின் பெயர் அந்தத் தொழிலால் உண்டான பொருளுக்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ‘வற்றல் தின்றான்’ என்று உதாரணம் சொல்வார்கள். பரீட்சைக்காகப் பாடமாக்கியது, இருபத்தைந்து வருடம் கழித்துப் புகையிலைக்கு உதவியது.

இதற்குள் ஒரு சின்னப் புதிரும் இருக்கிறது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே கால்வைத்தது 1492இல். அதற்கு முன்னர் இங்கே ஒருவரும் புகையிலையைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. அப்படியானால் அதைச் சுருட்டியதற்கு எப்படித் தமிழ்ச் சொல்? பொருள் புதிது, செய்கை பழையது என்பதுதான் விடை. பாயையும் ஓலையையும் சுருட்டிக்கொண்டிருந்த கைக்கு ஒரு புது இலை வந்தது, அதையும் சுருட்டியது. செடிக்கும் நாங்கள் அந்நியப் பெயரை எடுக்கவில்லை. புகை தரும் இலை, புகையிலை என்று விட்டோம். தெலுங்கரும் புகையையும் இலையையும் சேர்த்தே ‘பொகாக்கு’ என்றார்கள். சிங்களத்தில் ‘துங்கொள’, அதுவும் புகையிலைதான். மூன்று பேரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

இப்போது அகராதி

இந்த வேலையை முடித்த பிறகு அகராதிக்குப் போனால், அது சொல்வதைச் சரிபார்க்கும் நிலையில் நீங்கள் இருப்பீர்கள். நேரே போனால் அது சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அனுபந்தம். சொல் எதிலிருந்து பிறந்தது என்பதைத் தலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே சின்னதாகக் காட்டும். பலர் அந்தச் சின்ன எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியதே அதுதான். அதற்கு முந்தியது 1862இல் வந்த வின்சுலோ அகராதி. மிரோன் வின்சுலோ உடுவிலில் இருந்த அமெரிக்கப் பாதிரியார்; எங்கள் பக்கத்து வழக்குகள் அவருடைய காதில் விழுந்திருக்கும் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். இன்னும் முந்தி, 1842இல் யாழ்ப்பாணத்தில் அச்சான மானிப்பாய் அகராதி தமிழுக்குத் தமிழிலேயே பொருள் சொல்வது. திராவிட மொழிகளை ஒன்றாக அடுக்கிப் பார்க்க பரோவும் எமனோவும் செய்த சொற்பிறப்பகராதி. 1961இல் முதற்பதிப்பு, 1984இல் இரண்டாவது. பேரகராதி, வின்சுலோ, இந்தத் திராவிட அகராதி மூன்றையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் சும்மா தேடிப் பார்க்கலாம். ஈழத்துப் பழைய புத்தகம், பத்திரிகை என்றால் நூலகம் தளம். எங்கள் வாசிகசாலையில் இருந்த பழைய அகராதிகள் 2009இல் மற்ற எல்லாவற்றோடும் போய்விட்டன. இப்போது நானே போனில்தான் பார்க்கிறேன்.

ஆங்கிலத்துக்குள் போன எங்கள் சொற்களுக்கு என்றே ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது, ஹாப்சன்-ஜாப்சன் என்று பெயர். ஹென்றி யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்தது. அதில் ஷெரூட்டுக்குத் தமிழ்ச் சுருட்டைத்தான் மூலமாகக் கொடுத்திருக்கிறார்கள். தெற்கில் திருச்சிராப்பள்ளியிலும் கோதாவரிக் கழிமுகத்திலும் முக்கியமாகச் செய்யப்படுவதாகவும் எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தைச் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு சின்ன மனக்குறை.

ஓர் எச்சரிக்கை. ஒரே செய்தியைப் பத்து இடத்தில் பார்த்தால் பத்துச் சாட்சி என்று எண்ணாதீர்கள். பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியதாக இருக்கும்.

மிகப் பழைய எழுத்து எது?

சொல் முதன்முதல் எங்கே எழுதப்பட்டது என்று தேடுவது சுவையான வேலை. ஹாப்சன்-ஜாப்சன் காட்டும் பழைய இடம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையோடு போவானே, நினைவிருக்கிறதா? அந்தக் கொள்ளி புகையிலைச் சுருட்டுப் பற்றவைக்க வைத்திருந்தது. தண்ணீரில் வைத்ததும் சுர்ரென்றது, ஆறு முழித்திருக்கிறது என்று ஓடிவந்தான். அம்மம்மா எனக்கு இந்தக் கதையைச் சொன்னபோது சுருட்டை விட்டுவிட்டு வெறும் கொள்ளிக்கட்டை என்றுதான் சொன்னா. அப்பப்பாவோடு அவவுக்கு இருந்த பகை அப்படி. எழுதப்பட்டது 18ஆம் நூற்றாண்டின் முற்பாதி. லண்டனில் அச்சானது 1822இல்.

ஆனால் அதைவிட முந்திய தடமும் உண்டு. 1669க்கும் 1679க்கும் இடையில் வங்கக் கடலைச் சுற்றித் திரிந்த தோமஸ் பௌரி என்ற ஆங்கில வணிகர் ஒரு கையெழுத்துப் பிரதி விட்டுச் சென்றார். அது புத்தகமானது 1905இல். ஏழைகள் இலையை வெறுமனே உருட்டி, ஒரு முனையைக் கொளுத்தி, மறுமுனையை உதட்டில் வைத்துக் குடிக்கிறார்கள் என்று வர்ணித்து, அதற்கு ‘பங்கோ’ என்று பெயர், போர்த்துக்கேயர் ‘செரூட்டா’ என்பார்கள் என்று எழுதியிருக்கிறார். பங்கோ என்பது பொட்டலம் என்ற பொருள் தரும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கொஞ்சக் காலம் புழங்கிவிட்டுச் செத்துப்போயிற்று. சுருட்டு பிழைத்துக்கொண்டது.

பௌரியின் வசனத்தில் மெல்ல ஒரு கதவு திறக்கிறது, பாருங்கள். சொல்லை ஆங்கிலேயர் எங்கள் ஆட்களிடம் நேரே கேட்கவில்லை. நடுவில் போர்த்துக்கேயர் நிற்கிறார்கள்.

முதலில் எழுதியவன் வேறு, முதலில் சொன்னவன் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். கொட்டிலில் இருந்து சுருட்டியவன் எழுதவில்லை; கப்பலில் வந்தவன் எழுதினான். கொட்டிலில் எழுத்து நுழைந்ததே வேறு விதமாகத்தான். பத்துப் பேர் சுருட்டிக்கொண்டிருக்க ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். மூன்றாம் வகுப்போடு நின்ற அப்பப்பா உலக அரசியல் கதைத்தது அந்தக் காதுப் படிப்பால்தான்.

வழியைப் பிடியுங்கள்

போர்த்துக்கேயச் சொல் ‘சாருத்தோ’ என்று எழுதப்படுவது. பழைய காலத்தில் முதல் எழுத்து அழுத்தமான ச், இன்றைக்கு ஷ் போல ஒலிக்கிறது. இப்போது எழுத்து எழுத்தாகப் பொருத்துங்கள். முதலில் சகரம்: கேரளத்தில் இதே சொல்லை அழுத்திச் ‘சுருட்டு’ என்பார்கள், முதலெழுத்து ‘அச்சு’வில் வரும் சகரம் மாதிரி, நாங்கள் காற்றாய் விடுவோம். போர்த்துக்கேயர் காதில் அழுத்தமான சகரமே விழுந்திருக்கிறது. முதல் உகரம் அகரமாயிற்று. இரண்டாவது உகரம் அப்படியே. டகரம் அவர்கள் நாக்குக்கு வராது, பல்லில் தட்டித் தகரமாகிவிடும். கடைசியில் நம் குற்றியலுகரம். அவர்கள் ஓ என்று எழுதினாலும் வாயில் வருவது உ தான்! பிறகு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அந்த உகரம் உதிர்ந்து ஷெரூட் ஆயிற்று. ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படிக் கணக்குச் சொல்ல முடிந்தால் வழி சரி.

பிறகு எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை வாதாடிப் பாருங்கள். ‘போர்த்துக்கேயரிடமிருந்து நாங்கள் எடுத்திருந்தால்?’ அவர்களுடைய மொழியிலும் குடும்பத்தாள் நிரப்புவோம். சுருட்டுக்கடைக்குச் ‘சாருத்தாரியா’, சுருட்டுக்காரருக்குச் ‘சாருத்தேய்ரோ’. இரண்டும் அந்தச் சொல்லின் பிள்ளைகள். தாய்? சுருட்டுவது என்ற பொருளில் ஒரு மூலவினை அங்கே இல்லை. பிள்ளைகள் மட்டும் இருந்து பெற்றோர் இல்லாத வீடு, குடிவந்த வீடு.

அயலையும் விசாரியுங்கள். வங்காளத்திலும் இந்தியிலும் ‘சுருட்’, மலாயில் ‘செருத்து’. சிங்களத்தில் ‘சுருட்டுவ’. சிங்களத்துக்கு எப்படிப் போனது என்பதற்குப் புத்தகமே வேண்டாம். யாழ்ப்பாணத்து ஆட்கள் தெற்கில் பட்டினந்தோறும் சுருட்டுக்கடை வைத்திருந்தார்கள். சாமானோடு பெயரும் விற்பட்டது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கும் கப்பலேறியது. மலையாளத்தில் வாயில் போடும் புகையிலைக்கு இன்றைக்கும் ‘ஜாப்பாணம்’ என்ற பெயர் உண்டு. ஊர்ப்பெயரே சரக்காகிவிட்டது.

போலி உறவுக்காரர்

இனி நான் விட்ட புளுகு. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத் தமிழ் விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். சுருட்டு ஆங்கிலத்துக்குப் போனதைச் சொல்லிவிட்டு, கைதட்டல் போதாதென்று, “சிகார், சிகரெட் எல்லாமே எங்கள் சுருட்டிலிருந்துதான் வந்தவை” என்று ஒரு போடு போட்டேன். மண்டபம் அதிர்ந்தது. இறங்கி வரும்போது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: “எல்லாம் நல்லது பிள்ளை. அந்தக் ககரம் எங்கையிருந்து வந்தது?”

அவ்வளவுதான் கேட்டார். சுருட்டில் ககரம் இல்லை. சிகாரில் டகரம் இல்லை. எழுத்துக் கணக்கு முதல் அடியிலேயே இடறுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். சிகார் ஸ்பானியரின் ‘சிகார்ரோ’. புகைப்பதைக் குறிக்கும் ஒரு மாயா மொழிச் சொல்லிலிருந்து வந்ததென்று பலர் சொல்கிறார்கள். சில்வண்டுக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து என்று வேறு சிலர். இரண்டில் எது என்றாலும் பாதை அத்திலாந்திக் பக்கம் போகிறதே தவிர எங்கள் பக்கம் வரவில்லை. அந்த விழாவில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்களோ.

அதற்குப் பிறகு மூன்று பொறிகளில் கவனமாக இருக்கிறேன். ஒன்று, ஒலி ஒத்திருப்பது. சுருளுக்கும், தலைமுடி சுருள்வதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘கேர்ல்’ என்பதற்கும் ஒலியும் பொருத்தம், பொருளும் பொருத்தம், ஆளை மயக்கும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘க்ருல்’. ஒல்லாந்தத்தில் இன்றைக்கும் ‘க்ருல்’தான். இன்றைய வடிவத்தை இன்றைய வடிவத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குழியில் விழுவோம். எப்போதும் பழையதைப் பழையதோடு வையுங்கள்.

இரண்டாவது, சொந்த மொழிக் குடும்பத்துக்குள்ளேயே வரும் மயக்கம். தெலுங்கில் சுருட்டுக்குச் ‘சுட்ட’ என்று பெயர். சுருட்டில் ரு விழுந்து சுட்ட ஆனது என்று உடனே சொல்லத் தோன்றும். இல்லை. தெலுங்கில் சுற்றுவதற்குச் ‘சுட்டு’. நம் ற்ற அங்கே ட்ட ஆவது வழக்கம். நம் பற்று அவர்களுக்குப் ‘பட்டு’. ஆக அவர்கள் சுற்றினார்கள், நாங்கள் சுருட்டினோம். எங்கள் ஊரிலும் பீடி என்றால் சுற்றுவது, சுருட்டு என்றால் சுருட்டுவது. பீடியின் கதை வேறு. அது வெற்றிலைச் சுருளைக் குறித்த வடசொல்லின் வழி வந்தது, பீடாவுக்கு உடன்பிறப்பு.

மூன்றாவது பொறி நாங்களேதான். எங்கள் சொல்லாக இருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படும்போது கண் பாதிதான் தெரியும். முடிவு உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தால் இன்னொருமுறை எழுத்தைக் கூட்டிப் பாருங்கள்.

துண்டில் எழுதி வையுங்கள்

தேடியதை எழுதாவிட்டால் அடுத்த மாரிக்குள் மறந்துவிடும். பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். நான் சுருட்டுக்கு எழுதியது இவ்வளவுதான்: ‘சுருட்டு. இரு முனையும் நறுக்கிய புகையிலைச் சுருள். தாய் சுருள், உருள் உருட்டு, திரள் திரட்டு போல. போர்த்துக்கேயர் வழி ஆங்கிலத்துக்கு. பழைய தடம் பௌரி 1669–79, தமிழில் வீரமாமுனிவர். சிகார் உறவில்லை. தெலுங்குச் சுட்ட வேறு. இலை தானாகச் சுருண்டால் குப்பை: அப்பப்பா.’ வாய்ச்சொல்லுக்கும் யார் சொன்னது என்று போட்டு வையுங்கள். அவருடைய பலகையும் கத்தியும் இடப்பெயர்வில் எங்கே கிடக்கின்றனவோ தெரியாது. வசனம் மட்டும் துண்டில் இருக்கிறது. துண்டுகளை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். கறையானுக்குத் தகரம் நல்லது.

இதைப் படமெடுத்துப் பெறாமகனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. அவனோடு வேலை செய்கிற ஒரு பிரேசில்காரனிடம் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லிப் பதிந்திருக்கிறான். “ஷருத்து” என்றது குரல். மூன்று தரம்.

அதை வாசிகசாலையில் சத்தமாகப் போட்டேன். காலைப் பத்திரிகைக்கு வரும் எங்கள் முல்லை அண்ணை, கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்து பார்த்தார்.

“ஆரது, சுருட்டுக் கேக்கிறது? பல்லெல்லாம் போட்டுதோ அவருக்கு?”